ஜாவாவிலிருந்து ரஸ்டுக்கு: வயதாகிவிட்டதா எனக்கு?

கேள்வி: சார், சோழிங்கநல்லூரில் ஒரு ஐடி கம்பெனியில் பத்து வருடத்துக்கு மேலாக ஜாவா எழுதுகிறேன். இப்போது எங்கள் டீமை ரஸ்ட் என்கிற இன்னொரு நிரல்மொழிக்கு மாற்றுகிறார்கள். வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிகிறது, உட்கார்ந்து எழுதினால், கோடைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலர் ஒரு வரியைக்கூட விடமாட்டேன் என்கிறது. போன வருடம் காலேஜ் முடித்து வந்த பையன் சர்வசாதாரணமாக எழுதுகிறான். எனக்கு வயதாகிவிட்டதா? வேளச்சேரியில் ஒரு வார இறுதி வகுப்பு இருக்கிறது, பணம் கட்டிச் சேரலாமா?
- பெயர் வேண்டாம், மேடவாக்கம்

பதில்: வயதுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் ரஸ்டில் உட்கார்ந்துகொண்டு ஜாவா எழுதுகிறீர்கள், அதுதான் கம்பைலர் முரண்டு பிடிக்கிறது.

ஜாவாவில் ஒரு லிஸ்டை ஒரு மெத்தடுக்கு அனுப்பிவிட்டு அடுத்த வரியிலேயே அதன் சைஸைக் கேட்பீர்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ரஸ்டில் ஒரு வெக்டரை (ஜாவா லிஸ்ட் மாதிரிதான்) அப்படியே ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் அது கைமாறிப் போய்விடும். விற்ற வண்டிக்குச் சாவி கேட்கிற கதைதான் அடுத்த வரி. முன்னால் ஒரு & போட்டுக் கொடுத்தால் இரவல், வேலை முடிந்ததும் திரும்பிவிடும். ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், ஜாவாவில் இருப்பதுபோல, தேவையில்லாத மெமரியைத் தானாக விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டர் ரஸ்டில் கிடையாது, அதனால் எந்த இடத்தில் மெமரியை விடுவிப்பது என்று கம்பைல் ஆகும்போதே தெரிந்தாக வேண்டும்.

உங்கள் அனுபவம் உண்மையில் கைகொடுப்பதும் இங்கேதான். லூப் ஓடிக்கொண்டிருக்கும்போதே லிஸ்டிலிருந்து ஒன்றை ரிமூவ் செய்து, கன்கரண்ட் மாடிஃபிகேஷன் எக்ஸெப்ஷன் என்கிற எரர் வந்து ராத்திரியில் ப்ரொடக்‌ஷனைப் பார்த்த ஆள் நீங்கள் இல்லையா? அதே தப்பை ரஸ்டில் எழுதிப் பாருங்கள், கம்பைலே ஆகாது. படிக்க எத்தனை ரெஃபரன்ஸ் (முன்னால் சொன்ன இரவல்தான்) வேண்டுமானாலும் இருக்கலாம், மாற்ற ஒன்றே ஒன்று, அதுவும் அந்த நேரத்தில் படிக்க வேறு யாரும் இல்லாவிட்டால். ஜாவா 8-இல் ரிமூவ்இஃப் என்று எழுதியதை இங்கே ரீடெய்ன் என்று எழுதுவீர்கள், என்ன, ரிமூவ்இஃப் எதை எறிவது என்று கேட்கும், ரீடெய்ன் எதை வைத்துக்கொள்வது என்று கேட்கும், அதை மட்டும் கவனியுங்கள்.

வீடியோவை நிறுத்துங்கள். ஜாவாவில் நீங்களே எழுதி, உள்ளும் புறமும் தெரிந்த சின்ன டூல் ஒன்றை, லாக் ஃபைலைப் படித்து எரர்களை எண்ணுகிற மாதிரி ஒன்று போதும், அதை ரஸ்டில் திரும்ப எழுதுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பது ஏற்கெனவே தெரியும், மொழியோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும். முதலில் ஆங்காங்கே க்ளோன், அதாவது நகல், போட்டு ஓட வையுங்கள், தப்பில்லை, அப்புறம் ஒவ்வொரு க்ளோனாக எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். எனக்குத் தெரிந்து ஓனர்ஷிப், அதாவது எது யார் கையில் என்கிற கணக்கு, மண்டையில் ஏறுவது அந்த வேலையில்தான். எரர் மெசேஜை முழுதாகப் படியுங்கள். பெரும்பாலும் அதில் ஓர் எண் இருக்கும், ரஸ்ட்சி (rustc) கட்டளையோடு எக்ஸ்ப்ளெயின் (--explain) என்று சேர்த்து அந்த எண்ணைக் கொடுத்தால் உதாரணத்தோடு விளக்கம் வரும்.

வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். ரஸ்ட் குழுவின் அதிகாரபூர்வப் பாடநூல் இணையத்தில் இலவசம், ரஸ்ட்லிங்ஸ் பயிற்சிகளும் அப்படியே. எழுதியதை அந்தப் பையனிடம் ரிவ்யூவுக்குக் கொடுங்கள், கூச்சப்படாதீர்கள், சிஸ்டம் டிசைனில் அவனுக்கு உங்களிடம் கேட்க நிறைய இருக்கும்.