புதுப் போனில் 5ஜி வரவில்லையா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

புதுப் போன் வாங்கியவர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். "போன் 5ஜி, ஊரிலும் 5ஜி டவர் இருக்கிறது, ஆனால் மேலே 4ஜி என்றுதான் காட்டுகிறது." தனித்தனியாகப் பதில் சொல்லும் முன் எல்லோரும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் சிம்மைக் கழற்றி, அதே இடத்தில் 5ஜி நன்றாக ஓடுகிற இன்னொருவர் போனில் போட்டுப் பாருங்கள். அவர் சிம்மை உங்கள் போனில் போடுங்கள். இரண்டு பேரும் ஒரே நிறுவனத்தின் சிம் வைத்திருந்தால் இன்னும் நல்லது. கோளாறு சிம்மோடு போகிறதா, போனிலேயே நிற்கிறதா என்பது 5 நிமிடத்தில் தெரிந்துவிடும். இது தெரியாமல் கடைக்குப் போனால், தேவையில்லாத வேலைக்கெல்லாம் காசு கொடுத்துவிட்டு வருவீர்கள்.

அண்ணா, குறைந்த விலையில் ஒரு 5ஜி போன் வாங்கினேன். நண்பனின் ஜியோ சிம்மைப் போட்டால் 5ஜி வருகிறது. என் ஏர்டெல் சிம் அதே போனில் 4ஜியோடு நின்றுவிடுகிறது. அவன் போனில் என் சிம்முக்கு 5ஜி வருகிறது. சிம்மை மாற்றணுமா? (திருப்பூர்)

வேண்டாம் தம்பி, சிம்மில் குறை இல்லை. சிம்மை மாற்றிப் போட்டுச் சரியாகவே சோதித்திருக்கிறீர்கள். சிக்கல் உங்கள் போனில் இருக்கிற சில்லில், அதாவது சிப்பில், இருக்க வாய்ப்பு அதிகம்.

5ஜி நம் நாட்டில் இரண்டு விதமாக வந்தது. 2022 அக்டோபரில் தொடங்கியபோதே ஜியோ எஸ்ஏ (SA) முறையை எடுத்துக்கொண்டது. அதில் போன் நேராக 5ஜி டவரோடு பேசும், 4ஜியின் துணை வேண்டாம். ஏர்டெல் என்எஸ்ஏ (NSA) முறையில் தொடங்கியது. அதில் போன் முதலில் 4ஜியில் இணையும், அந்தப் பிடிப்பை வைத்துக்கொண்டே 5ஜியைக் கூடச் சேர்த்துக்கொள்ளும். பெரும்பாலான போன்களுக்கு இரண்டு முறையும் தெரியும். விலையைக் குறைப்பதற்காக எஸ்ஏ மட்டும் தெரிந்த சில்லை வைத்து வரும் போன்களும் இருக்கின்றன. 2024 நவம்பரில் வந்த ரெட்மி ஏ4 5ஜி அப்படிப்பட்டது. அதில் இருக்கும் ஸ்னாப்டிராகன் 4எஸ் ஜென் 2 சில்லுக்கு என்எஸ்ஏ கிடையாது. அதனால் அது வந்த சமயத்தில் ஜியோவில் 5ஜி பிடித்தது, ஏர்டெலின் என்எஸ்ஏ 5ஜியைப் பிடிக்கவில்லை.

உங்கள் போன் தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலின் விவரப் பக்கத்தைத் திறந்து "எஸ்ஏ", "என்எஸ்ஏ" இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்ஏ மட்டும் இருந்தால், எந்த அப்டேட்டும் எந்த செட்டிங்கும் அதை மாற்றாது. திருப்பிக் கொடுக்கும் அவகாசம் இன்னும் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. பெட்டியின் மேல் 5ஜி என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். இந்த ஒரு வரியை மட்டும் யாரும் தேடாத இடத்தில் பொடி எழுத்தில் போடுகிறார்கள். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குகிறவருக்கு அது முதலில் தெரிய வேண்டிய விஷயம்.

என் போனில் 5ஜி என்ற தேர்வே இல்லை. பெட்டியில் பெயர் சரியாகத்தான் இருக்கிறது. (விருத்தாசலம்)

பெயரைக் கடைசி எழுத்துவரை படியுங்கள். சாம்சங் கேலக்ஸி ஏ14 என்று ஒரு போன், கேலக்ஸி ஏ14 5ஜி என்று வேறொரு போன். இரண்டும் இங்கே விற்றவைதான். முதலாவது 4ஜி போன். செட்டிங்ஸில் "அபவுட் போன்" பகுதியில் இருக்கும் மாடல் எண்ணை எடுத்து நிறுவனத்தின் தளத்தில் தேடுங்கள், உங்கள் கையில் இருப்பது எது என்று உறுதியாகத் தெரிந்துவிடும்.

ஐயா, "உங்கள் சிம் 5ஜிக்கு மாறவில்லை, இன்று மாலைக்குள் மாற்றாவிட்டால் துண்டிக்கப்படும், வருகிற ஓடிபியைச் சொல்லுங்கள்" என்று ஒருவர் பேசினார். புதுப் போனில் எனக்கும் 5ஜி வரவில்லை. அதனால் உண்மையோ என்று தோன்றுகிறது. (நாமக்கல்)

சொல்லாதீர்கள். ஏற்கெனவே சொல்லியிருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் உங்கள் வங்கிக்கும், பிறகு சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கும் பேசுங்கள்.

ஜியோவிலும் ஏர்டெலிலும் இப்போது இருக்கும் 4ஜி சிம்மே 5ஜிக்குப் போதும். 5ஜிக்கென்று தனி சிம் வாங்க வேண்டியதில்லை, யாரும் போன் செய்து "மாற்றித் தர" வேண்டியதும் இல்லை. இவர்கள் உங்கள் எண்ணைத் தங்கள் கையில் இருக்கும் சிம்முக்கோ இ-சிம்முக்கோ (போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம்) மாற்றிக்கொள்ளப் பார்க்கிறார்கள். எண் போய்விட்டால் வங்கி அனுப்பும் ஓடிபி எல்லாம் அவர்களுக்குத்தான் போகும். திடீரென்று போனில் சிக்னலே இல்லாமல் போய், பக்கத்தில் இருப்பவர்களின் அதே நிறுவன சிம்மில் எல்லாம் சிக்னல் இருந்தால், அதை டவர் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள்.

பழைய பெரிய சிம்மைக் கத்தரித்து நானோ அளவாக்கி வைத்திருப்பவர்கள், 3ஜி காலத்து சிம் வைத்திருப்பவர்கள் மட்டும் அடையாள அட்டையோடு நிறுவனத்தின் கடைக்கு நேரில் போய் மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றியதும் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. அது பாதுகாப்புக்காக வைத்த விதி, பயப்பட வேண்டாம். ஆனால் அன்றைக்கு ஓடிபி தேவைப்படும் பணப் பரிமாற்றம் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்பாவின் பிஎஸ்என்எல் சிம்மைப் புதுப் போனில் போட்டேன். ஊருக்கே 4ஜி வந்துவிட்டது என்கிறார்கள், இவருக்கு மட்டும் 2ஜி. (கோவில்பட்டி)

இரண்டு இடத்தில் பாருங்கள். முதலில் சிம். அப்பா பல வருடமாக அதே சிம் வைத்திருந்தால் அது பெரும்பாலும் 4ஜி சிம்மாக இருக்காது. வாடிக்கையாளர் சேவை மையத்தில் மாற்றிக் கொடுப்பார்கள், எண் மாறாது.

அடுத்தது பேண்ட். டவர் பயன்படுத்தும் அலைவரிசைக்குத்தான் பேண்ட் என்று பெயர். பிஎஸ்என்எல் 4ஜி பெரும்பாலும் 700 மெகாஹெர்ட்ஸில், அதாவது பேண்ட் 28இல் வருகிறது. 2100 மெகாஹெர்ட்ஸிலும், அதாவது பேண்ட் 1இலும் வருகிறது. ஜியோ 4ஜிக்கு 3, 5, 40 ஆகிய பேண்டுகள். ஏர்டெலுக்கு 1, 3, 8, 40. இந்தப் பட்டியல்களில் பேண்ட் 28 இல்லை, கவனியுங்கள். தனியார் நிறுவனங்களின் 4ஜியை மனதில் வைத்துத் தயாரித்த சில போன்களில் அதை விட்டுவிட்டார்கள். அந்தப் போன் ஜியோவில் பறக்கும், பிஎஸ்என்எல்லில் தடுமாறும். போனின் விவரப் பக்கத்தில் 4ஜி வரிசையில் "பி28" இருக்கிறதா பாருங்கள். பிஎஸ்என்எல் மட்டுமே எடுக்கும் கிராமங்களில் இருப்பவர்கள் போன் வாங்கும் முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது. கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதைவிட இது முக்கியம்.

செட்டிங்ஸில் எதை மாற்றணும் என்று மட்டும் சொல்லுங்கள் சார். (கும்பகோணம்)

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய் "மொபைல் நெட்வொர்க்" அல்லது "சிம் கார்டு" பகுதியில் உங்கள் சிம்மைத் தொடுங்கள். "பிரிஃபர்டு நெட்வொர்க் டைப்" என்று இருக்கும், சாம்சங்கில் "நெட்வொர்க் மோட்". அதில் 5ஜியில் தொடங்கும், கூடவே 4ஜியும் சேர்ந்து இருக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு சிம் இருந்தால், மொபைல் டேட்டா எந்த சிம்மில் ஓடுகிறது என்பதையும் பாருங்கள்.

ஐபோனில் "வாய்ஸ் அண்ட் டேட்டா" என்ற இடத்தில் "5ஜி ஆட்டோ" அல்லது "5ஜி ஆன்". ஐபோன் 12 முதல் 5ஜி உண்டு, ஆனால் இந்தியாவில் அது வேலை செய்ய ஐஓஎஸ் 16.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருக்க வேண்டும். பேட்டரி சேமிப்பு முறையை அணைத்துவிட்டுப் பாருங்கள், அது 5ஜியை நிறுத்தி வைத்திருக்கலாம்.

யூடியூபில் பார்த்து *#*#4636#*#* போட்டு "என்ஆர் ஒன்லி" வைத்தேன். இப்போது சிக்னலே இல்லை. (தேனி)

அதே இடத்துக்குப் போய் முன்பு இருந்த நிலைக்கே மாற்றுங்கள். மேலே சொன்ன என்எஸ்ஏ முறையில் போனுக்கு முதலில் 4ஜி வேண்டும். "என்ஆர் ஒன்லி" என்றால் 5ஜி மட்டும் என்று பொருள். அப்படிப் பூட்டினால் அந்த முறையில் போன் எங்கேயும் இணைய முடியாது. ஜியோவில் டேட்டா வந்தாலும், போன் 5ஜி வழியாகக் குரல் அழைப்புக்குத் தயாராக இல்லாவிட்டால் உங்களுக்கு வரும் அழைப்புகள் தவறிப்போகும். வீட்டில் வயதானவர்கள் கையில் இருக்கும் போனில் இந்த வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ராத்திரியில் ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட வேண்டி வந்தால் அழைப்பு போக வேண்டும். அந்தப் பக்கத்தை எந்த நெட்வொர்க்கில் இருக்கிறோம் என்று பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

தெருவில் 5ஜி, வீட்டுக்குள் நுழைந்ததும் 4ஜி. போன் கோளாறா? (சென்னை, பெரம்பூர்)

இல்லை. 5ஜியின் வேகம் பெரும்பாலும் 3300 முதல் 3600 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளில் வருகிறது, போன் விவரத்தில் "என்78" என்று இருக்கும். அலைவரிசை எண் ஏற ஏற சுவரைத் தாண்டும் பலம் குறையும். கான்கிரீட் தளம், கம்பி, கண்ணாடி எல்லாம் அதைத் தின்றுவிடும். 700 மெகாஹெர்ட்ஸ் உள்ளே நன்றாக நுழையும். 2022 ஏலத்தில் ஜியோ அதை நாடு முழுவதற்கும் வாங்கியது, 5ஜியில் அதற்கு "என்28" என்று பெயர். ஆக, உங்கள் போனில் என்78, என்28 இரண்டும் இருந்தால் ஜியோவில் வீட்டுக்குள்ளும் 5ஜி நிற்க வாய்ப்பு கூடும், வேகம் மட்டும் தெருவில் கிடைத்த அளவு இருக்காது. உள்ளே நல்ல 4ஜி கிடைத்தால் அதில் ஓட்டுங்கள். பலவீனமான 5ஜியைவிட அது மேல்.

மகன் சவுதியிலிருந்து சாம்சங் போன் அனுப்பினான். நம் ஊர் சிம் போட்டால் ஏற்கவே இல்லை, 5ஜி அப்புறம். (ராமநாதபுரம்)

அம்மா, அது வட்டாரப் பூட்டு. அந்தப் போனை எந்த வட்டாரத்தில் விற்றார்களோ அங்குள்ள சிம்மைப் போட்டு மொத்தம் 5 நிமிடத்துக்கு மேல் பேசினால்தான் மற்ற நாட்டு சிம்களை ஏற்கும். பெட்டியிலேயே ஒட்டியிருப்பார்கள். மகன் அடுத்த முறை போன் அனுப்பும்போது அங்கேயே தன் சிம்மைப் போட்டுப் பேசிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். இந்தப் போனுக்கு சாம்சங் சேவை மையத்தில் பில்லோடு கேட்டுப் பாருங்கள். பஜாரில் "அன்லாக்" செய்கிறேன் என்பவர்களிடம் கொடுக்காதீர்கள். பூட்டு விலகியபின் என்78 இருந்தால் 5ஜிக்கும் வழி உண்டு.

அமெரிக்காவிலிருந்து ஐபோன் வரவழைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே விற்கும் ஐபோன் 14இலிருந்து சிம் போடும் இடமே கிடையாது, இ-சிம் மட்டும்தான். செட்டிங்ஸில் "ஜெனரல்", "அபவுட்" போய் "கேரியர் லாக்" வரியில் "நோ சிம் ரெஸ்டிரிக்‌ஷன்ஸ்" என்று இருந்தால்தான் வாங்கச் சொல்லுங்கள்.

5ஜி என்று காட்டுகிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை. (தஞ்சாவூர்)

முதலில் இன்றைய டேட்டா தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். தீர்ந்தபின் கிடைக்கும் 64 கேபிபிஎஸ் வேகத்தில் படம்கூட வராது. 2024 ஜூலையில் கட்டணம் ஏறியபோது, வரம்பில்லாத 5ஜியைப் பெரும்பாலும் தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் தரும் திட்டங்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள். 1.5 ஜிபி திட்டத்தில் இருந்தால் 5ஜி வராமல் போகலாம், அல்லது அந்த அளவிலிருந்தே கழியும்.

டேட்டா மீதம் இருக்கிறது என்றால் மொபைல் நெட்வொர்க் செட்டிங்ஸில் ஏபிஎன் (APN) பாருங்கள், போன் எந்த வாசல் வழியாக இணையத்துக்குள் போக வேண்டும் என்று சொல்லும் பெயர் அது. ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட், இரண்டையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் இடைவெளி இல்லாமல் போடணும். பழைய போனிலிருந்து எல்லாவற்றையும் நகர்த்தியவர்கள், இணையதளங்களின் முகவரியைத் தேடித் தரும் சேவையைக் குறிக்கும் "பிரைவேட் டிஎன்எஸ்" இடத்தையும் பாருங்கள். விளம்பரத்தைத் தடுக்க எப்போதோ போட்ட முகவரி கூடவே வந்து உட்கார்ந்திருக்கும், அதை "ஆட்டோமேட்டிக்" ஆக்குங்கள். இதற்கும் சரியாகாவிட்டால் நெட்வொர்க் செட்டிங்ஸை மட்டும் ரீசெட் செய்யுங்கள். வைஃபை பாஸ்வேர்டுகளும் புளூடூத் இணைப்புகளும் அழியும், போட்டோக்களுக்கு ஒன்றும் ஆகாது. கடையில் "முழுசாக ஃபார்மட் பண்ணணும்" என்றால் கொடுக்காதீர்கள்.

தனுஷ்கோடி போய்விட்டு வந்ததிலிருந்து நெட் இல்லை. (மதுரை)

அங்கே இலங்கை சிக்னல் எட்டிப்பார்க்கும். அதைத் தவிர்க்க நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்தீர்களா? திரும்பவும் "ஆட்டோமேட்டிக்" ஆக்குங்கள், அப்புறம் ஒரு முறை போனை அணைத்து எழுப்புங்கள்.

எல்லாம் செய்துவிட்டேன். கடைக்காரர் நெட்வொர்க் மேல் பழி போடுகிறார், நெட்வொர்க்காரர் போன் மேல். (சேலம்)

சிம்மை மாற்றிப் போட்ட சோதனையை வீடியோவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சிம் மற்றவர் போனில் 5ஜி பிடிக்கிறது, அவர் சிம் உங்கள் போனில் பிடிக்கவில்லை என்பது ஒரே வீடியோவில், ஒரே இடத்தில் தெரிய வேண்டும். அதோடு உங்கள் தெரு 5ஜி எல்லைக்குள் இருக்கிறது என்பதற்கு நிறுவனத்தின் தளத்தில் உள்ள வரைபடத்தைப் படம் எடுங்கள். எங்கே எந்தச் சேவை கிடைக்கும் என்று அவர்கள் தளத்தில் வரைபடம் வைக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் உத்தரவு.

குறை சிம்மிலோ டவரிலோ இருந்தால் 198க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். வாயால் "பார்க்கிறோம்" என்பதை ஏற்காதீர்கள், எண் இருந்தால்தான் அடுத்து மேல்முறையீடு செய்யலாம். குறை போனில் என்றால் பில், பெட்டி, வீடியோ மூன்றையும் எடுத்துக்கொண்டு தயாரிப்பாளரின் சேவை மையத்துக்குப் போய், வேலைத் தாளில் "5ஜி இணையவில்லை" என்று எழுதி வாங்குங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆன்லைனில் வாங்கியிருந்தால் மாற்றித் தரும் அவகாசம் பெரும்பாலும் 7 நாள்தான், எனவே இந்தச் சோதனைகளை நாளைக்குத் தள்ளாமல் இன்றே செய்துவிடுங்கள்.