அண்டார்டிகாவோட உயரமான மலைக்கு ஏன் வின்சன்னு பேரு? யாரு அந்த வின்சன்?

கார்ல் வின்சன்னு ஒரு அமெரிக்க அரசியல்வாதி. மலை ஏறுனவரும் இல்ல, அதைக் கண்டுபிடிச்சவரும் இல்ல. ஜார்ஜியா மாநிலத்துல இருந்து 1914ல பிரதிநிதிகள் சபைக்குப் போனவரு 1965 வரைக்கும் சீட்டை விடவே இல்ல, ராணுவ கமிட்டிக்கு சேர்மனா வேற இருந்தாரு, அண்டார்டிகா ஆராய்ச்சின்னு யாராவது காசு கேட்டு வந்தா சப்போர்ட் பண்ற ஆளு. அந்த நன்றிக்கடன்தான் இந்தப் பேரு. அமெரிக்க நேவில அவர் பேர்ல ஒரு விமானம் தாங்கிக் கப்பலே ஓடுதுன்னா பாத்துக்கோங்க.

இடத்தைச் சொல்லிடறேன். மேப்ல அண்டார்டிகாவுல இருந்து தென் அமெரிக்காவைப் பாத்து வால் மாதிரி ஒரு தீபகற்பம் நீளும்ல, அதோட அடிப்பக்கம், ரோன் ஐஸ் ஷெல்ஃபுக்கு (கடல் மேல மிதக்கிற பெரிய பனித்தட்டு) மேற்கு ஓரத்துல எல்ஸ்வொர்த் மலைகள்னு இருக்கு, அதோட வடபாதிக்குப் பேரு சென்டினல் ரேஞ்ச், வின்சன் அதுலதான் வருது. தென் துருவத்துல இருந்து சுமார் 1200 கிலோமீட்டர். 1935 நவம்பர்ல லிங்கன் எல்ஸ்வொர்த்னு ஒரு அமெரிக்க ஆய்வுப் பயணி பிளைட்ல கண்டத்தைக் குறுக்கால தாண்டுறப்போ இந்த ரேஞ்சைப் பாத்து அதுக்குப் பேரும் வச்சிட்டாரு, ஆனா வின்சன் மேகத்துக்குள்ள மறைஞ்சு நின்னதால அவர் கண்ணுல படல. அப்புறம் 1958 ஜனவரில அமெரிக்க நேவி பிளைட்ல போனவங்கதான் பாத்தாங்க. எவரெஸ்ட்ல ஆள் ஏறி இறங்கி கிட்டத்தட்ட அஞ்சு வருஷம் ஆனதுக்கு அப்புறம்தான் ஒரு கண்டத்தோட உச்சி மலை எதுன்னே தெரிய வருது, எனக்கு இதுதான் இன்னிக்கும் நம்ப முடியாத விஷயம்.

ஊர்க்காரங்கன்னு யாரும் இல்லாத இடம், அதனால உள்ளூர்ப் பேருன்னு ஒண்ணு கிடையாது. சிலி அந்தப் பகுதி எங்களுதுன்னு சொல்லுது, 1959 அண்டார்டிக் ஒப்பந்தம் அந்த மாதிரி உரிமைக் கோரிக்கை எல்லாத்தையும் அப்படியே நிறுத்தி வச்சிருக்கு. பேர் வைக்கிறதுக்கு மட்டும் தடை இல்ல, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கமிட்டி, அவங்கவங்க வைக்கிறாங்க. பல்கேரியாக்காரங்க கூட இதே ரேஞ்ச்ல நிறைய சிகரத்துக்கும் பனியாறுக்கும் அவங்க ஊர் பேரையெல்லாம் வச்சிட்டாங்க!

சரி, ஏறுனவங்க கதி? 1966 டிசம்பர் 18ல நிக்கோலஸ் கிளிஞ்ச் தலைமையில போன அமெரிக்க டீம்ல நாலு பேரு முதல்ல உச்சிக்குப் போனாங்க. அதுல ஒருத்தர் பீட் ஷோனிங், 1953ல கே2 மலைல கூட வந்தவங்க வரிசையா சறுக்கி விழுந்தப்போ ஒத்தை ஆளா கயித்தைப் பிடிச்சு நிறுத்துனாரே, அவரேதான். இந்த டீம்காரங்க பேரெல்லாம் 2006லதான் வின்சனைச் சுத்தி இருக்கிற துணைச் சிகரங்களுக்கு வந்துச்சு, கிளிஞ்ச் பீக், ஷோனிங் பீக், கார்பெட் பீக்னு. காசுக்கு வழி பண்ணவருக்குப் பெரிய சிகரம், கால் கடுக்க ஏறுனவங்களுக்குப் பக்கத்துல இருக்கிற சின்னது, அதுவும் நாப்பது வருஷம் கழிச்சு. எனக்கு இது சுத்தமா பிடிக்கல. ஆனா காசு இல்லாம அந்தக் காலத்துல அங்க பிளைட்டே போயிருக்காது, அதையும் ஒத்துக்கணும்.

அதே 2006ல இன்னொரு குழப்பத்தையும் தீர்த்தாங்க. 21 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிற மொத்த மலைக்கூட்டமும் வின்சன் மாசிஃப், அதோட உச்சி மட்டும் மவுண்ட் வின்சன். எக்ஸாமுக்குப் படிக்கிறவங்க கவனிங்க, பழைய ஜிகே புக்ல உயரம் 5140 மீட்டர்னு இருக்கும், அது ஆரம்ப காலத்துக் கணக்கு. 2004ல ஜிபிஎஸ் வச்சு அளந்தப்போ வந்தது 4892, இப்போ எல்லாரும் எடுத்துக்கிறது அதைத்தான்.