அட்டவணை போடுகிறவரின் யூஎக்ஸ் வேலை

அன்புள்ள ஐயா,

நெல் அறுவடை இயந்திரத்தை வாடகைக்குப் பதிவு செய்யும் ஆப் ஒன்றை எங்கள் நிறுவனம் தயாரிக்கிறது. மன்னார்குடியில் வீட்டிலிருந்தபடியே அதற்கு ப்ராஜெக்ட் மேனேஜராக இருக்கிறேன். தை பிறந்ததும், சம்பா அறுவடைக்கு, வெளியிட வேண்டும். திரைகளை விவசாயிகளிடம் கொடுத்துப் பார்க்க இரண்டு வாரம் கேட்கிறார் எங்கள் யூஎக்ஸ் (பயனாளர் அனுபவம்) டிசைனர். "அது டிசைனர் பாடு, நீ தேதியையும் பட்ஜெட்டையும் பார்" என்கிறார் மேலதிகாரி. யூஎக்ஸில் எனக்கு வேலை உண்டா?

வி., மன்னார்குடி

அன்புள்ள வி.,

உண்டு. தேதியும் பட்ஜெட்டும் உங்கள் கையில் இருப்பதால்தான் உண்டு. ஒரு திரையை எத்தனை பேர் தொட்டுப் பார்ப்பார்கள், அதற்குப் பிறகு அதை மாற்ற நாள் மிச்சம் இருக்குமா என்பதெல்லாம் நீங்கள் போடும் அட்டவணையில் முடிவாகிவிடுகிறது. மனிதரை மையமாக வைத்த வடிவமைப்புக்கென ஐஎஸ்ஓ 9241-210 என்றொரு சர்வதேசத் தரநிலை 2010இல் வந்தது, 2019இல் திருத்தப்பட்டது. திட்டத்தை நடத்தும் பொறுப்பில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டது அது. பயனாளரின் கருத்தைக் கேட்கவும் கேட்டபடி திரும்பச் செய்யவும் திட்டத்திலேயே நேரம் ஒதுக்கச் சொல்கிறது. மேலதிகாரியிடம் காட்டுங்கள்.

உங்கள் ஆப் "எத்தனை ஏக்கர்?" என்று கேட்கிறது என்று வையுங்கள். டெல்டாவில் ஒருவர் தன் நிலத்தை ஏழு மா என்றுதான் சொல்வார். நூறு குழி ஒரு மா, மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். அவர் அந்தக் கட்டத்தில் 7 என்று போட்டால், இரண்டேகால் ஏக்கருக்குச் சற்று மேலான நிலம் ஏழு ஏக்கராகப் பதிவாகும். வண்டிக்காரர் அன்று வேறு எந்த வயலையும் ஒப்புக்கொள்ளாமல் வந்து, சீக்கிரமே முடித்துவிட்டுச் சும்மா நிற்பார். அப்புறம், டயர் வண்டியா பெல்ட் வண்டியா? ஈரம் காயாத வயலில் டயர் வண்டி புதைந்துவிடும். பெல்ட் வண்டிக்கு மணி வாடகை கூடுதல். வயல் காய்ந்திருக்கிறதா என்று கேட்காமல் இயந்திரத்தின் மாடல் பெயரை மட்டும் காட்டினால் விவசாயிக்கு என்ன தெரியும்? போன் நம்பர் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையதாக இருந்தால் ஓடிபி அங்கே போகும். மகன் ஷிப்டில் இருப்பார். அப்பா வழக்கம்போல புரோக்கருக்கு போன் போட்டுவிடுவார்.

சென்னையில் உட்கார்ந்து திரை வரைகிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? வயலுக்கு வர அவருக்கு நாளும் பயணச் செலவும் கிடைக்க வேண்டும். அதைக் கொடுக்கும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

ஆனால் இரண்டு வாரத்தை ஒரே தவணையாகக் கொடுத்துவிடாதீர்கள். பதினைந்து பேரை வைத்து ஒரே ஒரு சோதனை நடத்துவதைவிட ஐந்து ஐந்து பேராக மூன்று முறை நடத்துவது மேல் என்று யூஎக்ஸ் நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000இலேயே எழுதினார். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் திருத்த முடியும் என்பதே காரணம். உங்களுக்கு விவசாயி, வண்டி உரிமையாளர் என்று இரண்டு சாரார் இருப்பதால் ஒவ்வொரு தரப்பிலும் மூன்று நான்கு பேர் போதும். முதல் சுற்றுக்குத் தாளில் வரைந்த திரையே போதும், புரோகிராம் எழுதும் வரை காத்திருக்க வேண்டாம். கதிர் முற்றிக்கொண்டிருக்கும் மார்கழியில் பேச ஆள் கிடைப்பார்கள். அறுப்பு தொடங்கிவிட்டால் யாரும் நின்று பதில் சொல்ல மாட்டார்கள்.

ஆள் பிடித்துத் தருவதும் உங்கள் வேலைதான், ஊரிலேயே இருக்கிறீர்களே. சொந்த நிலக்காரர்களை மட்டும் கூப்பிடாதீர்கள். குத்தகைக்குச் சாகுபடி செய்பவர், கணவர் வெளிநாட்டில் இருக்க விவசாயத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் பெண், இவர்களும் வேண்டும். புரோகிராமர் ஒருவரையாவது பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் கண்ணால் பார்த்த தடுமாற்றத்துக்கு நீங்கள் ரிப்போர்ட் எழுத வேண்டியதில்லை. நீங்கள் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. "அந்தப் பச்சை பட்டனை அமுக்குங்க அண்ணே" என்று சொல்லிவிட்டால் வந்த காரியம் கெட்டது. பட்டன் எந்த நிறம் என்பதையும் டிசைனரிடமே விட்டுவிடுங்கள்.

நாள் நெருக்கும்போது எதை வெட்டுவது என்பதில்தான் ப்ராஜெக்ட் மேனேஜரின் யூஎக்ஸ் வேலை முழுதாகத் தெரியும். பெரும்பாலும் முதலில் வெட்டப்படுவது சிக்னல் இல்லாதபோது என்ன காட்டுவது, தவறாகப் பதிந்ததை எப்படித் திருத்துவது போன்றவை. டெமோவில் இவை தெரியாது, அதனால் யாரும் தேடவும் மாட்டார்கள். வயலில் நிற்பவருக்கு இவைதான் வேண்டும். வானிலைப் பக்கம், செய்திப் பக்கம் போன்றவற்றை வெட்டுங்கள். அதற்கு மேலிடத்தில் சண்டை போட வேண்டி வந்தால் போடுங்கள். டிசைனரால் அந்தக் கூட்டத்துக்குள் வர முடியாது, நீங்கள் உள்ளே இருப்பீர்கள்.

தைக்குள் எல்லாம் முடியாது என்று தெரிந்தால் தேதியைத் தள்ளிப்போடக் கேட்க வேண்டாம். தையில் மன்னார்குடி வட்டாரத்துக்கு மட்டும் திறந்துவிடுங்கள். அங்கே வரும் புகார் போன்களை டிசைனரே எடுக்கட்டும். சம்பாவுக்குப் பின் வரும் தாளடி அறுவடைக்கு மற்ற வட்டாரங்களுக்குத் திறந்தால் போதும்.

அன்புடன்.