கார்டு பாக்கி இருக்கும்போது எஸ்.ஐ.பி. தொடங்கலாமா?

கேள்வி: திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 33. கைக்கு வரும் சம்பளம் 42,000 ரூபாய். வீட்டு வாடகை 9,500, மகளின் பள்ளிக் கட்டணமும் வேனும் 4,500, பெற்றோருக்கு 4,000 போக மீதிப் பணம் எங்கே போகிறதென்றே தெரியாமல் 20ஆம் தேதிக்குள் கரைந்துவிடுகிறது. பிறகு கிரெடிட் கார்டுதான். அதில் 68,000 ரூபாய் பாக்கி. மாதம் 3,400 கட்டி வருகிறேன். வீட்டில் மனைவியின் நகை கொஞ்சம் இருக்கிறது. இனியாவது சேமிக்கும் பழக்கம் வர, 3,000 ரூபாய்க்கு எஸ்.ஐ.பி. (மியூச்சுவல் ஃபண்டில் மாதந்தோறும் போடும் முதலீடு) தொடங்கலாமா? ஸ்டேட்மென்ட்டுகளை இணைத்துள்ளேன்.

பதில்: இந்த ஓராண்டுக்கு வேண்டாம். சேமிக்க வேண்டும் என்ற எண்ணத்தைக் குறை சொல்லவில்லை, வரிசைதான் மாறியிருக்கிறது.

உங்கள் கார்டுக்கு மாத வட்டி 3.5 சதவீதம். 68,000 ரூபாய்க்கு அது 2,380. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 428, ஆக 2,808 ரூபாய். நீங்கள் கட்டும் 3,400இல் அசலில் கழிவது வெறும் 592 ரூபாய்தான். இனி ஒரு முறைகூடக் கார்டைத் தேய்க்காமல் இதே தொகையைக் கட்டிக்கொண்டே போனாலும், கடன் தீர மூன்றரை ஆண்டுகளுக்கு மேலாகும். அதற்குள் ஏறக்குறைய 1,47,000 ரூபாய் கட்டியிருப்பீர்கள். ஆனால் நீங்கள் தேய்த்துக்கொண்டும் இருக்கிறீர்கள். பழைய பாக்கி நிற்கும்வரை புதிய செலவுகளுக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது என்பதால், 21ஆம் தேதி வாங்கும் மளிகைக்கு அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கிவிடுகிறது. ஆண்டுக்கு 42 சதவீத வட்டியைக் கட்டிக்கொண்டு, உத்தரவாதமில்லாத வருமானத்துக்காகப் பங்குச் சந்தைப் பக்கம் போவதில் எந்தக் கணக்கும் பொருந்தவில்லை.

மீதிப் பணம் எங்கே போகிறது என்று கேட்டிருந்தீர்கள். வங்கி ஸ்டேட்மென்ட்டை வரி வரியாகப் பார்த்தேன். ஒரே மாதத்தில் உணவு டெலிவரி செயலிக்கு 2,900, அலுவலகம் விட்டதும் நிற்கும் பேக்கரிக்கு 2,150, தானாகப் பிடிக்கப்படும் மூன்று ஓ.டி.டி. சந்தாக்களுக்கு 850 என 5,900 ரூபாய் போயிருக்கிறது. யு.பி.ஐ. லைட்டில் செலுத்தும் சிறு தொகைகள் வங்கி ஸ்டேட்மென்ட்டில் தனித்தனியாக வராது. அவற்றைச் செயலிக்குள்தான் பார்க்க வேண்டும் என்பதால், உண்மையான தொகை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். டீயை நிறுத்துங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அப்படிச் சொல்லும் ஆலோசகர்களும் டீ குடிக்கத்தான் செய்கிறார்கள். 5,900இல் 900ஐ வைத்துக்கொண்டு 5,000 ரூபாயை மட்டும் விட்டுக்கொடுங்கள். ஏற்கெனவே கட்டும் 3,400உடன் சேர்த்தால், கடனுக்கு மாதம் 8,400 ரூபாய் கிடைக்கும்.

இதை மன உறுதியால் மட்டும் சாதித்துவிட முடியும் என்று நான் நம்பவில்லை. பனியன் கம்பெனித் தொழிலாளர்களுக்கு இன்றும் சனிக்கிழமைதான் சம்பளம். கையில் வருவது ஒரு வாரத்துக்கான பணம் என்பதால், அடுத்த சனிக்கிழமைவரை அதை எப்படி ஓட்டுவது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். மாதச் சம்பளக்காரருக்கோ முதல் வாரத்தில் நான்கு வாரப் பணமும் ஒரே தொகையாகத் தெரிந்து, இருப்பதாக நினைக்க வைக்கிறது. ஆகவே உங்களுக்கு நீங்களே வாரச் சம்பளம் கொடுத்துக்கொள்ளுங்கள். சம்பளக் கணக்கிலிருந்து வாடகை, பள்ளி, பெற்றோர், கடன் ஆகிய 26,400 ரூபாய் முதல் தேதியிலேயே போய்விடட்டும். மீதமிருக்கும் 15,600ஐ வாரத்துக்கு 3,600 எனப் பிரித்து, சனிக்கிழமைதோறும் இன்னொரு வங்கிக் கணக்குக்கு மாற்றுங்கள். கைப்பேசியின் யு.பி.ஐ. அந்த இரண்டாவது கணக்கோடு மட்டும் இணைந்திருக்க வேண்டும். வியாழக்கிழமையே 3,600 தீர்ந்துவிட்டால், இரண்டு நாள் இருப்பதை வைத்துச் சமாளியுங்கள். 20ஆம் தேதி தீர்ந்து பத்து நாள் தவிப்பதைவிட அது எளிது. மின் கட்டணமும் சிலிண்டரும் வரும் வாரத்தில் இடிக்கும் என்பதால், மற்ற வாரங்களில் 200, 300 ரூபாயை அதே கணக்கில் விட்டு வையுங்கள்.

அடுத்து நகை. உங்கள் மனைவிக்கு முழுச் சம்மதம் என்றால் மட்டும், அதை வங்கியில் அடகு வைத்து 68,000 ரூபாய் வாங்கிக் கார்டை ஒரேயடியாக அடைக்கலாம். நகைக் கடனுக்கு ஆண்டு வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மாதம் 8,400 வீதம் ஒன்பதாவது மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். இதே 8,400ஐக் கார்டுக்கே கட்டினாலும் பதினோராவது மாதத்தில் தீரும்தான், ஆனால் சுமார் 14,000 ரூபாய் கூடுதலாகப் போகும். இதில் ஓர் ஆபத்து உண்டு: அடைத்த கார்டில் மறுபடியும் வரம்பு முழுவதையும் செலவழிக்க முடியும். நகையும் அடகில், கார்டிலும் பாக்கி என்ற நிலையில் என்னிடம் வந்தவர்கள் பலர். எனவே பணம் கட்டிய அன்றே வங்கிச் செயலியில் கார்டு வரம்பை 10,000 ரூபாய்க்குக் குறைத்துவிடுங்கள். ஷாப்பிங் செயலிகளில் சேமித்து வைத்திருக்கும் கார்டு விவரங்களையும் நீக்குங்கள். அவசரத்துக்கு என்ன செய்வது என்றால், தீபாவளி போனஸ் வந்ததும் அதை அப்படியே தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டு வையுங்கள். அதுவரை அந்த 10,000 வரம்பு மருத்துவச் செலவுக்கு மட்டும்.

அடகு வைக்கப் போகும் முன், கார்டை இன்றைக்கே முழுவதுமாக அடைக்க எவ்வளவு தேவை என்று வாடிக்கையாளர் சேவையில் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டேட்மென்ட் தேதிக்குப் பிறகான வட்டி அதில் உள்ள தொகையில் சேர்ந்திருக்காது. முழுவதும் கட்டிய பிறகும் அடுத்த மாதம் சில நூறு ரூபாய் வட்டி வரக்கூடும்; அதையும் கட்டி, பாக்கி பூஜ்யம் என்று காட்டும் ஸ்டேட்மென்ட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். எஸ்.ஐ.பி. பற்றி, நகை வீட்டுக்கு வந்த மாதம் எழுதுங்கள்; அப்போது 3,000 அல்ல, 8,400க்கே பேசலாம்.