ஓடுகிற மகளுக்கு ஐந்து மாதமாக பீரியட்ஸ் இல்லை

கேள்வி: என் மகளுக்கு 17 வயது, 800 மீட்டர் ஓடுகிறாள். ‘ரெண்டு கிலோ குறைச்சா டைமிங் குறையும்’ என்று கோச் சொன்னதிலிருந்து சோற்றைத் தொடுவதில்லை. காலையில் இரண்டு இட்லி, ராத்திரி ஒரு சப்பாத்தி, அவ்வளவுதான். தொடை தடிமனாக இருக்கிறதென்று கண்ணாடி முன் நின்று அழுகிறாள். ஐந்து மாதமாக பீரியட்ஸ் வரவில்லை. முன்னங்காலிலும் வலி. கடுமையாகப் பயிற்சி செய்தால் இப்படித்தான் என்கிறார்களே, உண்மையா?
– திருநெல்வேலி வாசகி

பதில்: இல்லை அம்மா. ஓடுவதற்கு ஏற்றபடி சாப்பிட்டால், எவ்வளவு ஓடினாலும் பெரும்பாலும் மாதவிலக்கு தவறாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மகள் 48 கிலோ என்றால், கொழுப்பு போக சுமார் 40 கிலோ. அதற்குக் கிலோவுக்கு 45 கலோரி வீதம் 1800. பயிற்சியில் எரிகிற 500ஐயும் சேர்த்தால் நாளுக்கு 2300 வேண்டும். இட்லியும் சப்பாத்தியும் அதில் கால்வாசிகூடத் தேறாது. பயிற்சிக்குப் போக மிஞ்சுவது கிலோவுக்கு 30க்குக் கீழே இறங்கினால், மூளை சிக்கனம் பிடிக்க ஆரம்பிக்கும். முதலில் கை வைப்பது மாதவிலக்கு ஹார்மோன்களில்தான். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு மெலியும். ஆயுளுக்குமான எலும்பு வலுவில் பெரும்பகுதி சேர்கிற வயது இது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இந்த நிலைக்கு ‘ரெட்-எஸ்’ (விளையாட்டில் ஏற்படும் சக்திப் பற்றாக்குறை) என்று பெயர் வைத்தது.

அதனால் அந்தக் கால் வலிதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. எலும்பில் மெல்லிய விரிசலாக இருக்கலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும், எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். டாக்டரைப் பார்க்கும்வரை ஓட வேண்டாம். தைராய்டு, புரோலாக்டின் என்ற ஹார்மோன், சினைப்பை நீர்க்கட்டி, கர்ப்பம் எல்லாவற்றையும் பரிசோதித்து விலக்க வேண்டும். ரத்தசோகையையும் பாருங்கள். ஹார்மோன் மாத்திரை கொடுத்து பீரியட்ஸை வரவழைத்தால் சரியாகிவிட்டது போலத் தோன்றும். பசி தீராமல் எலும்பு தேறாது.

அப்புறம், அந்தக் கண்ணாடி. இந்தப் பிள்ளைகளை இரண்டு பக்கமும் இழுக்கிறார்கள். கிரவுண்டில் ‘வெயிட் ஜாஸ்தி’. கல்யாண வீட்டில் ‘என்னடி, ஆம்பளப் புள்ள மாதிரி ஆயிட்ட’. அவளை முன்னால் தள்ளுகிற தசையே அவளுக்கு வெட்கமாகிப்போகிறது. வீட்டில் இனி யாரும் அவள் உடம்பைப் பற்றிப் பேச வேண்டாம், ‘இளைச்சுட்டியே’ என்றுகூட. தட்டைப் பார்த்துக்கொண்டே நிற்காதீர்கள், கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். பயிற்சி முடிந்ததும் பால், வாழைப்பழம், கடலை உருண்டை, முட்டை என்று ஏதாவது கையில் கொடுங்கள்.

சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறாளா, மயங்குகிறாளா, வாழவே பிடிக்கவில்லை என்கிறாளா? ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மனநல மருத்துவரைப் பார்ப்பதில் தயக்கம் வேண்டாம். அரசின் மனநல உதவி மையமான டெலி மனஸ் 14416 எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே.

கோச்சை நீங்களே நேரில் பாருங்கள். பீரியட்ஸ் நின்றதை மறைக்காமல் சொல்லுங்கள். எடை விஷயத்தை இனி டாக்டரிடம் விட்டுவிடும்படி கேளுங்கள்.