பத்தாம் வகுப்பில் 228 வாங்கியவன் மருத்துவம் படிக்க ஆசைப்படலாமா?

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வயது 18. பி.சி. பிரிவு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, தமிழ்வழி. ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் பள்ளிக்கு ஒழுங்காகப் போகவில்லை. வீட்டு நிலைமையால் பந்தல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பத்தாவதில் 500க்கு 228. பதினொன்றில் இயற்பியலில் அரியர் வைத்து, துணைத்தேர்வில் பாஸானேன். பன்னிரண்டில் விழுந்து விழுந்து படித்தும் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்து 54 சதவீதம்தான்.

2025 நீட்டில் 131 மதிப்பெண். 'குவாலிஃபைடு' என்று வந்ததும் வீட்டில் இனிப்பு கொடுத்தார்கள். சீட் கிடைக்கவில்லை. இப்போது கோச்சிங் போகிறேன். சார் "இதெல்லாம் பத்தாவதுலேயே படிச்சிருப்பீங்க" என்று தாண்டிப் போய்விடுவார். எல்லோரும் தலையாட்டுவார்கள், நானும் ஆட்டுவேன். மாதிரித் தேர்வு அன்று காலையிலிருந்தே வயிற்றைக் கலக்கும். விடைத்தாளை வீட்டில் காட்டுவதில்லை, நானும் திறந்து பார்ப்பதில்லை.

பழைய மதிப்பெண்களைப் பார்த்துக் கவுன்சிலிங்கில் கழித்துவிடுவார்களா? இல்லை, என் மண்டையே இவ்வளவுதானா?

— பெயர் வெளியிட வேண்டாம்

அன்புள்ள தம்பி,

உங்கள் பயத்தில் பாதி, விதி தெரியாததால் வருவது. அதை முதலில் தீர்த்துவிடுவோம். எம்.பி.பி.எஸ். சேர, பன்னிரண்டாம் வகுப்பில் இந்த மூன்று பாடங்களிலும் சேர்த்துப் பொதுப்பிரிவினருக்கு 50 சதவீதமும், உங்கள் பிரிவுக்கு 40 சதவீதமும் போதும். உங்களிடம் 54 இருக்கிறது. தரவரிசை முழுக்க நீட் மதிப்பெண்ணை வைத்துத்தான். 228 அதில் எங்கும் கணக்கில் வராது, பதினொன்றில் வைத்த அரியரும் வராது. உச்ச வயது வரம்பு கிடையாது, இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கட்டுப்பாடும் கிடையாது.

குவாலிஃபைடு என்பதையும் சீட்டையும் பிரித்துப் பாருங்கள். 2025-இல் ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவுகளுக்குத் தகுதி மதிப்பெண் 113, பொதுப்பிரிவுக்கு 144. அதைத் தாண்டினால் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கலாம், அவ்வளவே. அரசு இடம் கிடைக்க அதைவிட வெகு தூரம் போக வேண்டும். இந்த 131-க்கே சீட் வாங்கித் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன தகவல்தான் உங்கள் கடிதத்திலேயே பெரியது: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. 2020 முதல் தமிழ்நாட்டில் அப்படிப் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு இது பொருந்தாது, உங்களுக்குப் பொருந்தும். அதில் போட்டி அரசுப் பள்ளி மாணவர்களுக்குள் மட்டும் என்பதால் கட்-ஆஃப் கணிசமாகக் குறையும். இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியரிடம் படிப்புச் சான்றை இப்போதே வாங்கி வையுங்கள். அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீத இடங்களுக்கும் முயல்வதானால் மத்திய அரசு வடிவத்தில் ஓ.பி.சி. சான்று தனியாக எடுக்க வேண்டும், நம் பி.சி. சாதிச் சான்று அங்கே செல்லாது.

இப்போது மண்டை பற்றிய கேள்வி. பழைய மதிப்பெண் உங்களைத் தடுக்காது, ஆனால் அந்த இரண்டு வருடங்களில் படிக்காமல் விட்ட பாடம் தடுக்கும். இயற்பியல் வரவில்லை என்று சொல்லும் மாணவர்களில் பலருக்குச் சிக்கல் கணக்கில் இருக்கிறது. v² = u² + 2as என்பது மனப்பாடமாகத் தெரியும், அதில் a-ஐத் தனியே எடுக்கச் சொன்னால் கை நிற்கும். மோல் கணக்கு புரியாததற்கு விகிதம் சரியாக வராததே காரணமாக இருக்கும். கோச்சிங் வகுப்பு பிளஸ் ஒன் பாடத்திலிருந்து தொடங்குவதால் அங்கே இது ஒருநாளும் சரியாகாது. தலையாட்டும்போது நீங்கள் மறைப்பது இதைத்தான். வெட்கத்தினால் எவ்வளவு திறமையான பிள்ளைகள் இந்த இடத்திலேயே தேங்கி நிற்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

ஆறு வாரம், தினமும் காலையில் ஒன்றரை மணி நேரம் இதற்கென்று ஒதுக்குங்கள். எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்கு, அறிவியல் புத்தகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னம், விகிதம், அடுக்குகள், சமன்பாட்டை மாற்றி எழுதுவது, அலகு மாற்றம், முக்கோணவியல் மதிப்புகள், வரைபடத்தின் சாய்வு. பாடத்தைப் படித்துவிட்டுக் கணக்குக்குப் போகாதீர்கள். முதலில் பயிற்சிக் கணக்குகளைப் போடுங்கள், தவறிய இடத்தில் மட்டும் பாடத்துக்குத் திரும்புங்கள். அதன்பின் பிளஸ் ஒன் வெக்டரும் அடிப்படை வகையிடலும். வகுப்பில் தாண்டிப் போன இடங்களை ஒரு தாளில் குறித்து, வாரம் ஒருமுறை சாரிடம் தனியாகக் கேளுங்கள். கூட்டத்தில் கேட்கும் துணிச்சல் பிறகு வரட்டும்.

இந்த ஆறு வாரமும் மதிப்பெண் ஏற வேண்டிய இடம் உயிரியல். 180 கேள்விகளில் 90, 720-க்கு 360 மதிப்பெண் அதில்தான், பழைய ஓட்டைகள் மிகக் குறைவாகப் பாதிப்பதும் அதில்தான். என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும், மாநிலப் பாடநூலோடு நிறுத்தக் கூடாது. ஒரு பக்கம் படித்ததும் மூடிவிட்டு, நினைவிலிருப்பதை வெற்றுத் தாளில் எழுதி ஒப்பிடுங்கள். இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் மறுபடி எழுதுங்கள். திரும்பத் திரும்ப வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு நிறைவு வரும். தேர்வில் நான்கு விடைகளுமே தெரிந்த முகமாக நிற்கும்போது அது கைவிட்டுவிடும். தமிழில் எழுதினாலும் ஆங்கிலச் சொற்களையும் சேர்த்தே படியுங்கள். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது.

விடைத்தாளைத் திறக்காமல் வைத்தால் அன்றைக்கு நிம்மதிதான். அந்த நிம்மதியே அடுத்த தேர்வின் பயத்தை வளர்க்கிறது. தேர்வு முடிந்த மறுநாளுக்குள் திறந்துவிடுங்கள். மொத்த மதிப்பெண்ணை மடித்து மறைத்துவிட்டு, ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து: தெரியாதது 'தெ', தெரிந்தும் தவறாகப் படித்தது 'ப', ஊகம் 'ஊ'. 'தெ' படிப்பால் குறையும், 'ப' வேகத்தைக் குறைத்தால் குறையும். அடையாளம் போட்ட தாளை நீங்கள் நம்பும் ஒருவரிடமாவது காட்டுங்கள். வீட்டில் பயிற்சி எடுக்கும்போது உண்மைத் தேர்வைப் போலவே மதியம் 2 முதல் 5 வரை உட்காருங்கள். அந்த நேரத்துக்கு உடம்பு பழகப் பழக வயிற்றுக் கலக்கம் தணியும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், உயிரை விடும் எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தால்கூட, தேர்வு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உதவி எண்களான 14416 (மனநலம்) அல்லது 104 (மருத்துவ உதவி)-ஐ அழையுங்கள், எந்த நேரமும் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநல வெளிநோயாளர் பிரிவு உண்டு.

இன்னொன்றை வீட்டில் இந்த மாதமே பேசி முடித்துவிடுங்கள்: இந்த ஓராண்டு, அதற்குப் பிறகு என்ன? பல் மருத்துவம், சித்தா இரண்டுக்கும் இதே நீட் மதிப்பெண்தான். பி.எஸ்சி. நர்சிங், துணை மருத்துவப் படிப்புகளுக்குத் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண் பார்ப்பார்கள். உங்கள் 54 சதவீதம் பேசப்போகும் இடம் அதுதான். அடுத்த ஆண்டு நீட் முடிவுக்காகக் காத்திராமல், விண்ணப்பம் திறந்ததுமே அவற்றுக்கும் போட்டுவிடுங்கள்.