தானாகக் கற்கும் ஏஐ, வேலையில் இருக்கும்போது அதை எப்படிப் பாதுகாப்பாக வைத்திருப்பது?

பதினான்கு ஆண்டுகளாகச் சில்லர் பிளாண்டுகளில், அதாவது பெரிய கட்டடங்களைக் குளிர்விக்க நீரைக் குளிரூட்டும் நிலையங்களில், வேலை பார்க்கிறேன். எனக்குத் தெரிந்த அந்த இடத்திலிருந்தே பதில் சொல்கிறேன். கற்றுக்கொள்வது ஒன்றாகவும், அதற்குக் காவல் நிற்பது வேறொன்றாகவும் இருக்க வேண்டும். காவல் நிற்பது எதையும் கற்கவே கூடாது.

ஒருமுறை எங்கள் பிளாண்டில் குளிர்நீர் சென்சார் பழுதாகி, இல்லாத சூட்டைக் காட்டியது. கண்ட்ரோலர் அதை நம்பி நீரைக் குளிர வைத்துக்கொண்டே போனது. நீர் உறைந்திருந்தால் உள்ளே குழாய்கள் வெடித்திருக்கும். காப்பாற்றியது தனியாக மாட்டியிருந்த ஒரு சாதாரண கட்-அவுட் சுவிட்ச். அதற்குக் கணக்கெல்லாம் தெரியாது, குறித்த அளவுக்குக் கீழே போனால் கம்ப்ரஸரை நிறுத்தும், அவ்வளவுதான். கண்ட்ரோலரின் இடத்தில் கற்கும் ஏஐ இருந்திருந்தால் அது அந்தப் பொய் அளவையே பாடமாகவும் எடுத்திருக்கும் என்பதுதான் என் கவலை.

கூகுள் தன் டேட்டா சென்டர்களின் குளிரூட்டலை, தன் ஏஐ நிறுவனமான டீப்மைண்டின் ஏஐயிடம் ஒப்படைத்த விதம் எனக்குப் பிடித்தது. 2016இல் அது யோசனை மட்டும்தான் சொன்னது, செயல்படுத்தியது ஆபரேட்டர்கள். 2018இல்தான் நேரடிக் கட்டுப்பாடு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆயிரக்கணக்கான சென்சார்களைப் பார்த்து முடிவெடுக்கும். தனக்கே உறுதி குறைவான முடிவுகளை அது அங்கேயே கழித்துவிடும். மிஞ்சியதையும் பிளாண்டில் இருக்கும் கண்ட்ரோல் சிஸ்டம், ஆபரேட்டர்கள் வகுத்த வரம்புக்குள் இருக்கிறதா என்று மறுபடி சரிபார்த்த பிறகே செயல்படுத்தும். ஆபரேட்டர் நினைத்தால் எந்த நேரமும் ஏஐயை விலக்கலாம். இத்தனை வேலி போட்டும், சில மாதங்களில் மின் சேமிப்பு 12 சதவீதத்திலிருந்து சுமார் 30 சதவீதம் வரை ஏறியது. வேலி போட்டால் பயன் போய்விடும் என்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

வேலி போதாமல் போனதற்கும் உதாரணம் உண்டு. மைக்ரோசாப்ட்டின் 'டே' (Tay) என்ற சாட்பாட், அதாவது ஆட்களோடு உரையாடும் ஏஐ, 2016 மார்ச்சில் ட்விட்டருக்கு வந்தது. வம்புக்கு வந்தவர்கள் ஊட்டிய வெறுப்புப் பேச்சையெல்லாம் அப்படியே திருப்பிப் பேசியதால் ஒரே நாளில் நிறுத்தினார்கள்.

அப்புறம், 'விலக்கலாம்' என்று எழுதி வைத்தால் மட்டும் போதாது. மாதம் ஒருமுறையாவது உண்மையிலேயே விலக்கி, ஒரு ஷிப்ட் முழுக்கக் கையால் ஓட்டிப் பாருங்கள். அன்றைக்கு, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையனைத்தான் பேனல் முன்னால் நிறுத்த வேண்டும்.